குளியலறை வாளிக்குள் ஒரு கொப்பி

யுத்த காலம் அது. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குப் பொலிஸ் சோதனைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டால் போதும், புலி என்று பிடித்துவிடுவார்களே என்ற பயத்தில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கடிதங்களையெல்லாம் குளியலறை வாளிக்குள் போட்டு எரித்துவிடுவேன்.

ஒருநாள் மத்தியானம் புகை மணந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், எட்டு வயது மகள் துஷி அதே வாளிக்குள் தன் கட்டுரைக் கொப்பியை எரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தொங்கிய துவாயும் பற்றியிருந்தது. தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு, அடிக்கக் கை ஓங்கினேன்.

"அதில யாழ்ப்பாணத்தைப் பற்றி எழுதியிருந்தனான் அப்பா. நீங்களும் இப்பிடித்தானே எரிக்கிறனீங்கள்?"

கை தானாக இறங்கிவிட்டது. தீப்பெட்டியைத் தொடக்கூடாது, உடுப்பில் நெருப்புப் பிடித்தால் ஓடக்கூடாது என்று அன்றே சொல்லிக்கொடுத்தேன். நிலத்தில் படுத்து உருண்டும் காட்டினேன். பிறகு கடிதங்களைக் கிழித்துத் தண்ணீரில் கரைத்தேனே தவிர, எரிக்கவில்லை.

கார்த்திகை விளக்கீட்டன்று கீழ்வீட்டுச் சிறுமியின் சட்டையில் விளக்கின் நெருப்புப் பற்றிக்கொண்டது. பெரியவர்கள் நாங்கள் திகைத்து நிற்க, துஷிதான் கத்தினாள்: "ஓடாத! படுத்து உருளு!"

பிள்ளை உருண்டாள். சட்டை கருகியதோடு தப்பினாள்.

"ஆரம்மா இதைச் சொல்லித் தந்தது?" என்று அந்தத் தாய் அழுதபடி கேட்டார்.

"அப்பா."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எரிக்கப் பழக்கியதும் அதே அப்பாதான் என்பதை அவள் சொல்லவில்லை. நான்தான் இப்போது சொல்கிறேன்.