இந்த லோரியை முன்னாடி ஓட்டியவர் எங்கே?

நான் அப்போதே சொன்னேன். ஒருத்தனும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கணேசன் போய்விட்டான்... கேரி தீவில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய காலத்திலிருந்து என் கூட்டாளி. துறைமுகத்தில் கன்டெய்னர் இறக்க வரிசையில் நின்றவன், ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டான். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்ததாம். பின்னால் நின்றவன் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்து, கடைசியில் திட்டிக்கொண்டே இறங்கிப் போயிருக்கிறான்.

இது இப்படித்தான் முடியும் என்று இன்டர்வியூ அன்றைக்கே எனக்குத் தெரியும்.

ஷா ஆலமில் ஒரு லோரி கம்பெனி. பெயர் வேண்டாம்... இருக்கிற கோபத்தில் எழுதினால் கேஸ் போடுவான். நானும் கணேசனும் ஒன்றாகத்தான் போனோம். மேனேஜர் இரண்டு பேரையும் சேர்த்தே உட்கார வைத்தான்.

கடைசியில், "ஏதாச்சும் கேக்கணுமா?" என்றான்.

மற்றவன் எல்லாம் இந்த இடத்தில் "நோ சார், தேங்க் யூ சார்" என்று வழிவான். நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கேட்டேன். "இந்த லோரிய முன்னாடி ஓட்டுனவரு எங்க பாஸ்?"

டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் கையை எடுத்துவிட்டாள். அந்த ஏர்கோன் ரூமில் மேனேஜருக்கு வேர்த்து ஒழுகியது, சத்தியமாக.

"அவரா... ரிசைன் பண்ணிட்டாரு லா. ஊர்ல சொகமா இருக்காரு."

முகத்தைப் பார்த்தேன். பச்சைப் பொய். "ஒங்க வேலைய நீங்களே வச்சுக்குங்க" என்று எழுந்து வந்துவிட்டேன்.

கணேசன் எழுந்து வரவில்லை. அவன் பெண்டாட்டி சரசு அப்போது மாசமாக இருந்தாள்.

பிள்ளைகளா, இன்டர்வியூவில் அவன் மட்டும்தான் கேட்க வேண்டும் என்று எவன் சொன்னான்? உடம்பு முடியாமல் எம்சி எடுத்தால் மூஞ்சியைத் தூக்குவானா, ஓவர்டைம் முடியாது என்றால் விடுவானா, பிரேக்கை எவன் பார்க்கிறான்... எல்லாம் கேள். ஆனால் என் கேள்வியை முதலில் கேள். சிங்கப்பூரிலிருந்தெல்லாம் போன் போட்டு இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள்.

வேலையில் சேர்ந்த புதிதில் கணேசன் முகம் செத்து வந்தான். லோரியின் டேஷ்போர்டில் சின்னதாக ஒரு முருகன் படம், பக்கத்தில் பாதி மருந்தெண்ணெய்ப் புட்டி.

"மச்சான், ரிசைன் பண்ணவன் முருகன விட்டுட்டா போவான்?"

மற்ற டிரைவர்களை விசாரித்திருக்கிறான். அந்த மனிதர் ஊருக்கும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. ஓய்வே இல்லாமல் ஓட்டி, அதே சீட்டில் போய்ச் சேர்ந்திருக்கிறார்.

"விட்டுட்டு வாடா" என்று கத்தினேன்.

"சரசுக்கு ஒம்பதாம் மாசம் மச்சான். முருகன நான் பாத்துக்கறேன், அவரு என்ன பாத்துக்கட்டும்."

பிறகு பிள்ளை, பிறகு பள்ளிக்கூடம்... அப்படியே இருந்துவிட்டான்.

பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடையில் இந்த இன்டர்வியூ கதையை நான் எடுத்துவிட்டால் பக்கத்து மேசைக்காரனும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் கேட்பான். கணேசன்தான் சாட்சி. "ஆமா ஆமா, இவன்தான் கேட்டான். மேனேஜரு ஆடிப் போயிட்டான்" என்று சொல்லிக்கொண்டே என் வடையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வான்.

நேற்று சாவு வீடு. இன்னும் எடுக்கவில்லை. கூடாரத்தில் என் மருமகன் பக்கத்தில் வந்து போனைக் காட்டுகிறான்.

"மாமா, லோரி டிரைவர் ஒடனே வேணுமாம். பேசிக் சம்பளம் நல்லாருக்கு."

அதே கம்பெனி! மாலை வாடவில்லை, அதற்குள் விளம்பரம். அங்கிருந்து ஒரு நாய் வந்து தலையைக் காட்டவில்லை, விளம்பரம் போட மட்டும் கை நீளுகிறது.

"அறிவிருக்காடா ஒனக்கு? அவன் கெடந்த சீட்டுடா அது!" என்று நான் போட்ட சத்தத்தில் மேளக்காரன் நிறுத்திவிட்டான்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த சரசு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏசாதீங்கண்ணே. போகட்டும். போயி, முன்னாடி ஓட்டுனவரு எங்கன்னு கேக்கட்டும். ரிசைன் பண்ணிட்டாருன்னு சொன்னான்னா... முருகன் படம் இன்னும் லோரியிலதான் இருக்கு. அவரு வீட்டுல கேக்கறாங்கன்னு வாங்கிட்டு வரச் சொல்லுங்க."

மருமகன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமை மருமகன் போகிறான். வேலைக்கு இல்லை, படத்துக்கு. நானும் கூடப் போகிறேன்.

ஒன்று மட்டும் மேலே மாற்றி எழுதிவிட்டேன். அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டது நான் இல்லை... கணேசன். நான் கேட்டது, யூனிபார்ம் சும்மா கொடுப்பீர்களா என்று. எழுந்து வந்ததும் கிடையாது. ரிவர்ஸ் டெஸ்டில் தூணை இடித்தேன், அனுப்பிவிட்டார்கள்.

இத்தனை வருஷமும் "இவன்தான் கேட்டான்" என்றே சொல்லிவிட்டுப் போயிருக்கிறான், பாவி.

போய் வாடா கணேசா. திங்கட்கிழமை நான் நிஜமாகவே கேட்கிறேன்.