ஜன்னலை மறைத்த ஸ்தனிஸ்லாஸ்

பாலக்கரை போர்டு பெயிண்டர் ஸ்தனிஸ்லாஸைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் தேறும்: எழுத்து முத்து முத்தாக இருக்கும். மற்றபடி அந்த மனுஷனை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் அப்போது காவிரிக் கரையோரத்துத் தர்ம ஆஸ்பத்திரி ஒன்றில், பெண்கள் ஆபரேஷன் வார்டில் நர்ஸ். ஐம்பத்தெட்டாம் வருஷம் வெங்காய மண்டி சின்னையன் எங்கள் எட்டு ஜன்னல்களுக்கும் கண்ணாடி போட்டுக் கொடுத்தார். சும்மாவா? ஒவ்வொரு கண்ணாடியிலும் முழுக்க வெள்ளை அடித்து, கரை ரோட்டில் போகிறவன் படிக்கும்படி ‘உபயம்’ என்று போட்டு, அவர் பெயரைப் பெரிதாக எழுத வேண்டுமாம். எழுதியவன் ஸ்தனிஸ்லாஸ். ஜன்னலைத் திறந்தால் பெயர் தெரியாதென்று ஆஸ்பத்திரிக் கமிட்டி அறிவாளிகள் ஆணி அடித்தே மூடினார்கள். காற்று வர மேலே ஒரு சாண் சந்து விட்டார்கள். தூ!

அதற்கப்புறம் வேடிக்கையைப் பாருங்கள். வராந்தாவில் கிடந்த நாலு கட்டில்காரிகள் எதிரே வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு எட்டாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார்கள். அதே டாக்டர், அதே மருந்து. உள்ளே கிடந்தவர்கள் பன்னிரண்டு நாளானாலும் தூக்கமில்லை, வலி தாங்கவில்லை என்று முனகினார்கள். டாக்டரிடம் சொன்னேன். “கமிட்டிகிட்ட சொல்லுங்க சிஸ்டர்” என்று நழுவிவிட்டார்.

மறு வருஷம் ஆடியில் ஸ்தனிஸ்லாஸின் மனைவி இருதயமேரியே பித்தப்பைக் கல்லோடு வந்து சேர்ந்தாள். ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் ஆறு நாளாகியும் கஞ்சியைத் தொடவில்லை, எழுந்து உட்காரவில்லை. “இப்படியே கிடந்தா நெஞ்சுல சளி கட்டிக்கும். அப்புறம் பிழைக்கிறது கஷ்டம்” என்றார் டாக்டர்.

அன்று வந்த புருஷன் முதலில் பார்த்தது மனைவியை அல்ல, கண்ணாடியை.

“பாத்தீங்களா சிஸ்டர்? வருஷம் ஒண்ணாச்சு, ஒரு இடத்துல உரியலை.”

எனக்கு வந்ததே கோபம்! “உங்க பெயிண்ட் நல்லாத்தான் இருக்கு. பொண்டாட்டி போயிட்டிருக்கா. வெக்கமா இல்லை உங்களுக்கு?”

வெளியே பதினெட்டாம் பெருக்குக்குப் போகிற கூட்டத்தின் சத்தம். கட்டிலில் இருந்து அவள் மெதுவாகக் கேட்டாள்: “ஆத்துல தண்ணி வந்துடுச்சாங்க?”

அவன் வெளியே போனான். ஸ்டூல் போட்டு ஏறி, அவள் கட்டிலோரக் கண்ணாடியைப் பிளேடால் சுரண்ட ஆரம்பித்தான். மத்தியானத்துக்குள் அந்த ஒரு கண்ணாடி சுத்தம். கரை தொட்டுக் காவிரி போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் ஸ்ரீரங்கத்துத் தென்னந்தோப்பு. முதுகுக்குத் தலையணை வைக்கச் சொன்னாள் இருதயமேரி. சாயங்காலம் ரசம் சாதம் கேட்டாள். மூன்றாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பக்கத்துக் கட்டில் செல்வமேரி கெஞ்சினாள்: “எங்க ஜன்னலையும் கொஞ்சம் சுரண்டி விடுங்கண்ணே.”

“மண்டி மொதலாளிக்குத் தெரிஞ்சா என் பொழைப்பு போயிடும்மா. ஒண்ணுன்னா சமாளிச்சுக்கலாம்” என்றான் அந்த மகராசன். அவன் பெண்டாட்டிக்குத்தான் உயிர்; மற்றவர்களுக்கெல்லாம் இருக்கிறது என்ன, வெங்காயமா?

இருதயமேரி வீட்டுக்குப் போய் ஐந்தாம் நாள், ரோட்டில் போன சின்னையன் தம் பெயரை எண்ணிப் பார்த்தார். ஏழுதான் இருந்தது. கமிட்டி குதியாய்க் குதித்தது. அன்றைக்கே ஸ்தனிஸ்லாஸ் பெயிண்ட் டப்பாவோடு வந்து நின்றான்.

இப்போது அந்தக் கட்டிலில் மணப்பாறை நஜ்முன்னிசா. வயிறு திறந்து இரண்டு நாள். கண்ணாடியில் பிரஷ் பட்டதும் பதறினாள்.

“ஏன் சிஸ்டர் மூடுறாங்க? அந்தத் தண்ணியைப் பாத்துக்கிட்டுத்தானே வலியை மறந்திருந்தேன். அல்லாவுக்காகக் கொஞ்சம் சொல்லுங்க சிஸ்டர்!”

சந்து வழியாக அவனுக்கும் கேட்டது. தலையைத் தூக்கவில்லை. கைமட்டும் நிற்காமல் ஓடியது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் சம்பளம் கொடுப்பது அந்தக் கமிட்டிதான்.

முடித்துவிட்டு உள்ளே வந்தான். “எங்கயாச்சும் விட்டுப்போச்சா சிஸ்டர்?”

கீழ் மூலையில், தலையணைப் பக்கமாக, ஒரு விரல்கடை அளவுக்கு விட்டுப்போயிருந்தது; அதில் ஒரு கீற்றுத் தண்ணீர் தெரிந்தது.

“எல்லாம் சரியா இருக்கு, போங்க” என்றேன். அவ்வளவுதான் என் வீரம்.