மாமியின் கதவில் செய்த தோணி

போன கிழமை அமிர்தகழிக் கோயிலடியில் யாரோ குங்கிலியப் புகை போட்டார்கள். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட, எனக்கு மட்டும் ஒரு தோணி மூக்குக்குள் வந்து நின்றது. என்ன செய்ய! குங்கிலியத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி, பஞ்சோடு பலகை இடுக்குகளில் அடைத்து அடைத்து, கலியாணம் முடித்த புதிதில் தோணி கட்டிய ஒரு கோடை முழுக்க என்னில் அந்த மணம்தான். பெண்சாதி பாயைத் தள்ளிப் போட்டுப் படுத்தாள்.

கூட்டாளி சலீம் ஏறாவூரான், அலுமாரி செய்கிறவன். நான் அதுவரை செய்த பெரிய மரவேலை ஒரு கோழிக்கூடு. அதற்குள்ளும் கோழி போக மறுத்தது. "அலுமாரிய மல்லாத்தினாத் தோணிதான் மச்சான்" என்றான் சலீம். நம்பினேன் பாருங்கள்.

பலகைக்கு எங்கே போவது? எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டில் குடியேறுவது. நான் போய் இறங்கிய வீட்டுக்கு முன்கதவு இன்னும் போடவில்லை, சாக்குத்தான் தொங்கியது. கதவுக்கென்று மாமி வைத்திருந்த பலாப் பலகையைக் கேட்டேன்.

"மீன் பிடிச்சுக் கதவு போட்டுத் தாறன் மாமி."

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தா. "சரி மருமகன். தோணி தண்ணிக்குள்ள தாண்டுபோச்செண்டா, வாசல்ல நீங்கதான் கதவா நிக்கணும்."

வாவியில் இறக்கிய காலை கரை நிறையச் சனம். மாமி முன்வரிசை. தள்ளி ஏறிக் கொஞ்ச நேரத்தில் காலடி குளிர்ந்தது. குனிந்தால், பலகைக்குப் பலகை தண்ணீர்! சலீமோ வாளியால் வாவியை மொண்டு உள்ளே ஊற்றிக்கொண்டிருந்தான். எனக்கு மண்டை கலங்கியது. "தோணி தாழுது! காப்பாத்துங்க!" என்று பாய்ந்தேன். முழங்காலளவு தண்ணீர். அதில் நீந்தவும் செய்தேன்.

"கத்தாத மச்சான். வெயில்ல காஞ்ச பலகை தண்ணி குடிச்சு ஊதினாத்தான் இடுக்கு அடைபடும். புதுத்தோணிய ரெண்டு மூணு நாள் தண்ணிக்குள்ள தாட்டுத்தான் வைக்கிற."

"முதல்லயே சொல்லியிருக்கலாமேடா!"

"சொன்னா இந்தக் கூத்த ஆரு பாக்கிற?"

மாமி எழும்பிப் போனா. அந்த நாட்களில் தோணியைவிட ஆழத்தில் கிடந்தவன் நான்தான். சாக்கை விலக்கி வீட்டுக்குள் போகவே கூச்சம். தாட்டுவிட்ட தோணிக்குக் கரையில் காவலிருந்தால், போகிற வருகிறவர்களெல்லாம், "நீச்சல்காரர், தண்ணி எவ்வளவு ஆழம்?" என்று கேட்டார்கள்.

பிறகு தோணித் தண்ணீரை இறைத்தோம். பார்த்துக்கொண்டே இருந்தோம். அடிப்பலகையில் ஒரு கசிவும் இல்லை. கேள்விப்பட்டு வந்த மாமி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி, குறுக்குப்பலகையில் குந்தினா.

"விடுங்க மருமகன், பாப்பம்."

கோலை ஊன்றினேன். தோணி வாத்துப்போலப் போனது. கரையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று என் நெஞ்சுக்கு இரண்டு சட்டை வேண்டியிருந்தது. அந்த வருசமே வாசலில் கதவும் ஏறியது.

இப்போது ஃபைபர் படகுகள் லொறியில் வந்து இறங்கிய கையோடு ஓடுகின்றன. எங்கள் தோணியை ஒரு மாரி வெள்ளம் கட்டிய கயிறோடு இழுத்து, முகத்துவாரத்தால் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது. எங்கே கிடக்கிறதோ தெரியாது. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீரையும் உள்ளே விடாமல்தான் போயிருக்கும். அதில் எனக்கும் சலீமுக்கும் சந்தேகமே இல்லை.