வயிற்று வருத்தம் என்று சொல்லிக் கும்பிட்டேன்

போன ஐப்பசியில் என் மனைவி ரஞ்சியைக் கொழும்பு ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வீடு திரும்பினேன். துணைக்கு அவளுடைய தங்கை நின்றாள். எனக்கு இங்கே தரம் ஆறு படிக்கும் மகளும் தோட்டத்தில் வெங்காயமும் இருந்தன. இரண்டையும் வாடவிட முடியாது.

வாசலில் செருப்பைக் குறுக்காகக் கழற்றிப் போட்டேன். யாரும் ஏசவில்லை. அப்போதுதான் அழுகை வந்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்தச் செருப்புக்காக ஏச்சு வாங்குகிறவன் நான்.

ரஞ்சிக்குக் கருப்பைக் கழுத்தில் புற்றுநோய். எச்.பி.வி. என்ற வைரஸ்தான் காரணம் என்றார் டாக்குத்தர். பரவலான கிருமியாம். பெரும்பாலானவர்களின் உடம்பே அதைத் துரத்திவிடும், சிலருக்குள் வருடக்கணக்காகத் தங்கிப் புற்றாக மாறும். ஒருவரையும் குறை சொல்லி வேலையில்லை என்றார். சத்திரசிகிச்சை செய்யலாம், ஆனால் வரிசை நீளம்.

நான் மருதனார்மடம் ஆஞ்சநேயரிடம் ஓடினேன். வடைமாலை சாத்துவதாக நேர்ந்தேன். நேர்ந்துவிட்டு வாயைத் திறந்தால் வார்த்தை வரவில்லை. அவரோ பிரமச்சாரி. அவரிடம் போய்க் கருப்பை, கழுத்து என்று எப்படிச் சொல்வது? "சுவாமி, அவளுக்குக் கொஞ்சம் வயிற்று வருத்தம்" என்று மெல்லச் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த கிழமை ரஞ்சி தொலைபேசியில் வந்தாள்.

"இஞ்சருங்கோ, வயிறு இப்ப நல்ல சுகம். நல்லாப் பசிக்குது. ஒப்பரேசனுக்குத்தான் இன்னும் நாள் வைக்கேல்லை."

நான் கேட்டதை ஆஞ்சநேயர் கேட்டபடியே கொடுத்துவிட்டாரே!

சனிக்கிழமை விடிந்ததும் கோவிலில் நின்றேன். இந்த முறை வெட்கத்தைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டுச் சத்தமாகவே சொன்னேன். "சுவாமி, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். அது வயிறில்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். எனக்கு அவள் வேணும். வந்து என்னை ஏச வேணும்."

கண்ணைத் திறந்தால் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். பின்னால் எங்கள் ஊர்க் குடும்பநல மாது நின்றார். ரஞ்சியைக் கிளினிக்கில் சோதிக்கச் சொல்லி, விடாமல் துரத்தி அனுப்பியவர் அவர்தான்.

"அண்ணை, ஆஞ்சநேயருக்குக் காது நல்லாக் கேக்கும். மெல்லக் கதைச்சாலும் காணும்" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "மகளுக்கு ஊசி போட்டாச்சோ?"

"என்ன ஊசி, மிஸி?"

"உந்த வருத்தம் வராமத் தடுக்கிற ஊசி. பள்ளிக்கூடத்திலை போட்டவை."

அப்போதுதான் விளங்கியது. மகள் பெரியபிள்ளையானதும் சாமத்தியச் சடங்கு முடியும்வரை வீட்டுக்குள் வைத்திருந்தோம். அந்த நாட்களில்தான் பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டிருக்கிறார்கள். நாங்கள் பந்தலுக்கும் பலகாரத்துக்கும் ஓடித் திரிந்தோம்.

"இனிப் போட ஏலாதோ?"

"ஏன் ஏலாது? புதன்கிழமை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. ரண்டு தரம் போட வேணும். பெரிய ஆளா வந்தபிறகு சோதனையும் செய்ய வேணும், ஊசி போட்டாச்செண்டு இருக்கக் கூடாது."

புதன்கிழமை போனோம். மகள் கையை நீட்டிக்கொண்டு இருந்தாள். நான்தான் மறுபக்கம் திரும்பினேன்.

"அப்பா, ஊசி எனக்குத்தானே?"

வீட்டுக்கு வந்து ரஞ்சிக்குச் சொன்னோம். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "இனி எனக்கு என்ன நடந்தாலும் பரவாயில்லை" என்றாள்.

"எனக்குப் பரவாயிருக்கப்பா, நீர் வாரும்" என்றேன். அதற்கு மேல் பகிடி வரவில்லை.

அந்தக் கிழமையே சத்திரசிகிச்சைக்கு நாள் கிடைத்தது. அது நல்லபடி முடிந்தது, நோய் வேறெங்கும் பரவவில்லை என்றார்கள். அந்தச் செய்தி வந்தபோது நான் வெங்காயப் பாத்தியில் குந்தியிருந்தேன். அங்கேயே நிலத்தில் விழுந்து கும்பிட்டேன்.

தை பிறந்து ரஞ்சி வந்தாள். மெலிந்திருந்தாள். படியில் கால் வைத்தவள் நின்றாள். கீழே பார்த்தாள்.

"உந்தச் செருப்பை ஒருக்காலும் நேரா விடமாட்டியளோ?"

அடியார்களே, நான் கேட்ட வரம் அதுதான்.

வடையை நானே சுட்டு மாலை சாத்தினேன். கல்லு மாதிரி இருந்தது, பொறுத்துக்கொண்டார். ரஞ்சி தவணைக்குத் தவணை சோதனைக்குப் போகிறாள். மகள் இரண்டாவது ஊசியும் போட்டுவிட்டாள். பொம்பிளைப் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் சந்தையில் வெங்காயம் வாங்க வந்தால், விலை சொல்ல முதல் ஊசி போட்டாச்சோ என்று கேட்கிறேன்.

நீங்களும் ஆஞ்சநேயரை நம்பி வாருங்கள். அவருக்கு வெட்கப்பட்டு மறைத்துச் சொன்னாலும் விளங்கும். கிளினிக்கில் இருக்கிறவர்களுக்கு வாய் திறந்து சொன்னால்தான் விளங்கும்.

செருப்பை நான் இன்னும் குறுக்காகத்தான் விடுகிறேன்.