பதினோரு டம்ளர்

எங்கள் நான்காம் மாடிக்காரர் முப்பத்திரண்டு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற அன்று பையைத் திருப்பிக் கொடுத்தார், சீருடையைக் கொடுத்தார், விசிலை மட்டும் கொடுக்கவில்லை. "அது என் காசுல வாங்கினது" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாராம். கட்டடம் முழுக்க அவருக்கு விசில் அண்ணன் என்றுதான் பெயர். வயது எழுபத்து நாலு, தனிக்கட்டை. நான் தரைத்தளத்தில் தையல் மெஷின் வைத்துப் பிழைப்பவள். வயதில் அவரைவிட எட்டு வருடம் சின்னவள், வாய் மட்டும் பெரியது.

போன கோடையில் மூன்றாம் மாடியில் தனியாக இருந்த அச்சகக்காரர் வெயில் தாங்காமல் இறந்துபோனார். இரண்டு நாள் யாருக்கும் தெரியவில்லை. ஜன்னல் வழியே ஃபேன் ஓடுவது தெரிந்ததால் மனுஷன் சௌக்கியமாக இருக்கிறார் என்று நினைத்துவிட்டோம். அந்தக் கதவைத் தாண்டி விசில் அண்ணன் நாலு முறை ஏறி இறங்கியிருக்கிறார். "ஆளை விட்டுட்டு ரைட் குடுத்துட்டேன்மா" என்று என்னிடம் சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. அடுத்த கோடையில் ஒரு தலைகூடக் குறையக் கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

எங்கள் கட்டடத்தின் நடுவில் கிணறு மாதிரி ஒரு திறந்த வெளி உண்டு. எல்லார் வீட்டுச் சமையலறை ஜன்னலும் அதைப் பார்த்துத்தான். ஒரு வீட்டில் கரண்டி விழுந்தால் எட்டு வீட்டில் கேட்கும். நிம்மதியாகச் சண்டை போடக்கூட வசதியில்லாத கட்டடம். அண்ணன் அதைத்தான் பிடித்துக்கொண்டார். இந்த வருடம் வெயில் ஏற ஆரம்பித்ததும் வயசாளிகள் இருக்கும் வீடு வீடாகப் போய்ச் சட்டம் சொன்னார். பதினோரு மணி, ஒரு மணி, மூணு மணி, மூன்று வேளையும் அவர் ஜன்னலில் நின்று இரட்டை விசில் கொடுப்பார். உடனே ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்த டம்ளரால் ஜன்னல் கம்பியில் ஒரு தட்டு. பதினோரு பேருக்குப் பதினோரு தட்டு. ஒன்று குறைந்தால் அவரே வந்து கதவைத் தட்டுவார்.

முதலில் சிரித்தவள் நான்தான். "நாங்க என்ன பள்ளிக்கூடப் பிள்ளைங்களாண்ணே?"

"பிள்ளைங்கன்னா தாகம் எடுத்தா அழும். நமக்கு இந்த வயசுல தாகமே தெரிய மாட்டேங்குது."

அன்றைக்கே ஜன்னல் ஓரத்தில் ஒரு டம்ளரை எடுத்து வைத்தேன்.

இந்த நேரம் பார்த்து லிஃப்ட்டும் பழுதாகி ஆறு வாரம் அப்படியே கிடந்தது. ரிப்பேர்காரர் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று தண்ணி காட்டிக்கொண்டிருந்தார். மாத்திரை வாங்க, கரண்ட் பில் கட்ட என்று எல்லார் வேலையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, காலை எட்டு மணிக்கே இறங்கிப் போய் வெயிலுக்கு முன் திரும்பிவிடுவார் அண்ணன். "நீங்க படி ஏறுனா மூச்சு வாங்கும், எனக்குப் பழக்கம்" என்பார். சும்மா சொல்லக் கூடாது, பெற்ற பிள்ளைகூட அப்படிச் செய்யாது.

முதல் மாடியில் ஒரு டைப்பிஸ்ட்டும் அவர் மனைவியும் இருக்கிறார்கள். ஒரு மத்தியானம் டைப்பிஸ்ட் தன் டம்ளராலேயே இரண்டு தட்டு தட்டிவிட்டார். எங்களுக்கெல்லாம் கணக்கு சரியாகத்தான் கேட்டது. சில்லறை விழும் சத்தத்திலேயே செல்லாக் காசைக் கண்டுபிடித்த காது ஏமாறுமா? அண்ணன் மூன்று மாடி இறங்கி வந்து நின்றார்.

"ரெண்டு டிக்கெட் கேட்டா ரெண்டு ஆளைக் காட்டணும் சார். அம்மா எங்க?"

"தலைவலின்னு படுத்திருக்கா. எழுப்ப வேண்டாமேன்னு நானே தட்டிட்டேன்."

உள்ளே போய்ப் பார்த்தால் அந்த அம்மாவுக்கு உடம்பு அனலாய்க் கொதிக்கிறது, பேச்சு குழறுகிறது. ஈரத்துணி சுற்றி, வண்டி பிடித்து, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு டைப்பிஸ்ட் எங்கே அண்ணனைப் பார்த்தாலும் எழுந்து நிற்பார்.

அடுத்த வாரம் ஒரு நாள் ஒரு மணிக்கு விசில் வரவில்லை. ஒன்று ஐந்துக்கும் வரவில்லை. அசந்து தூங்குகிறாராக்கும் என்று மெஷினை மிதித்தேன். அப்போது அச்சகக்காரர் வீட்டு ஃபேன் ஞாபகம் வந்தது. முட்டிவலியாவது ஒன்றாவது, நாலு மாடியும் ஏறினேன். வழியில் டைப்பிஸ்ட்டும் சேர்ந்துகொண்டார்.

கதவு திறந்துதான் இருந்தது. அண்ணன் சமையலறை ஜன்னலுக்குக் கீழே தரையில் சாய்ந்து கிடந்தார். விசில் வாயில் இருந்தது. ஊதிக்கொண்டுதான் இருந்தார், சத்தம்தான் வரவில்லை. உதடு காய்ந்து வெடித்திருந்தது. என்னைப் பார்த்து, "யாரும்மா தட்டல? ஒருத்தர் சத்தமும் கேக்கலையே" என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் அவருக்கே செய்தோம். சட்டையைக் கழற்றி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்தோம். டைப்பிஸ்ட் ஒரு ஃபைல் அட்டையால் விசிறினார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து நாற்காலியில் உட்காரவைத்து இறக்கினார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் நான் இருக்கும்போதே டாக்டர், ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள் என்று கேட்டார். "டூட்டி நேரத்துல குடிக்கிறதில்லங்க. நடு வழியில ஒதுங்க இடம் இருக்காது, அப்படியே பழகிடுச்சு" என்றார் அண்ணன். காலை எட்டிலிருந்து மூணு மணி விசில் வரை இவருக்கு டூட்டியாம். டாக்டர் போனதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"நம்ம கட்டடத்துல வயசானவங்க எத்தனை பேரு? எண்ணிச் சொல்லுங்க."

விரல்விட்டு எண்ணினார். "பதினொண்ணு."

"உங்களை எண்ணினீங்களா?"

"கண்டக்டரைத் தலைக்கணக்குல சேக்க மாட்டாங்கம்மா" என்றார், எனக்கு விவரம் தெரியாதது போல. திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. ஊரையே எண்ணுகிற மனுஷன் தன்னை விட்டுவிட்டு எண்ணினால் யார்தான் தாங்குவார்கள்?

நாலு நாள் கழித்து வீடு திரும்பினார். அதற்குள் நான் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கிவிட்டேன். மறுநாள் பதினோரு மணிக்கு இரட்டை விசில் கேட்டது. யாரும் தட்டவில்லை. மறுபடி விசில், மறுபடியும் அமைதி. மேலே செருப்புச் சத்தம் பதறியது.

"என்னாச்சு எல்லாருக்கும்?"

நான் ஜன்னலில் தலையை நீட்டினேன். "முதல்ல நீங்க குடிச்சிட்டுத் தட்டுங்கண்ணே. அப்புறம்தான் நாங்க."

செருப்புச் சத்தம் உள்ளே போனது. பிறகு குடத்தில் தண்ணீர் மொள்ளும் சத்தம். டம்ளர் காலியாகும் வரை கட்டடமே காத்திருந்தது. நான்காம் மாடிக் கம்பியில் ஒரு தட்டு விழுந்தது. அதன் பின்னால் மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி, டைப்பிஸ்ட் வீட்டில் இரண்டு டம்ளர், கடைசியில் என்னுடையது.

மேலிருந்து குரல் வந்தது.

"பன்னெண்டு. ரைட்."