தனி அடுப்பும் இரண்டு சன்னல் கதவுகளும்

பதுருன்னிசாவுக்குத் தனி அடுப்பு கிடைத்துப் பதினோரு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் ஒன்பது வருடம், கணவன் ஹாஜாவின் அண்ணன் அன்வருதீன் வீட்டில், பதினான்கு பேருக்கு ஒரே உலை. குழம்புக்கு உப்பு எவ்வளவு என்பதைக்கூட அங்கே அவள் தீர்மானித்ததில்லை. ஹாஜா சைகோனுக்குக் கப்பல் ஏறுவதற்கு முந்தின வாரம் அவள் ஒரே பிடியாக நின்றாள். பக்கத்துச் சின்ன வீட்டில் அவளுக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் அடுப்புப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் அவன் புறப்பட்டான்.

1937ஆம் வருடத்து ஐப்பசி மழையில் அந்தச் சமையலறையின் சுவர் அலமாரிக் கதவுகளைக் கரையான் தின்று தீர்த்தது. ஒரு நாள் திறக்கப் போனபோது பிடி மட்டும் கையோடு வந்தது. பிறகு எலிக்குக் கேட்கவா வேண்டும்? நோன்புக் கஞ்சிக்கென்று சேர்த்து வைத்திருந்த நொய்யரிசியும் பாசிப்பருப்பும் பாழாயின.

அன்வருதீன் வந்து வாசற்படியில் நின்று பார்த்தார். கெட்ட மனிதர் அல்ல. தம்பி குடும்பத்தின் புகை வேறு கூரையில் எழுவது அவருக்கு ஒரு குறையாகவே இருந்தது.

"இதுக்குத்தான் அப்பவே சொன்னேன். ஆம்பள இல்லாத வூட்டுல தனி அடுப்பு எதுக்கு? பிறை கண்டதும் எல்லாரும் நம்ம வூட்டுலயே நோன்பு தொறந்துக்கலாம். இத அணைச்சிடு புள்ள."

"பிறைக்கு இன்னும் எட்டு நாள் இருக்குதே மச்சான்."

"எட்டு நாள்ல கதவு மொளைக்குமா?"

"மொளைக்காது. மாட்டுவேன்."

சொல்லிவிட்டாளே தவிர, கதவுக்கு எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வழி சொன்னவள் அஞ்சலாட்சி. கடற்கரைப் பக்கம் அவள் 'முசே' என்று சொல்கிற ஒரு பிரெஞ்சு அதிகாரியின் வீட்டில் சமைக்கிறவள், இதே தெருக்காரி.

"முசே வூட்டுல சன்னல் எல்லாம் புதுசா மாத்திட்டாங்கக்கா. பழைய கதவு ரெண்டு கோழிக்கூட்டு மேல கெடக்குது. அந்தம்மாவக் கேட்டேன், தூக்கிட்டுப் போன்னுட்டாங்க."

"சன்னல் கதவ அலமாரிக்கா?"

"மரத்துக்குத் தெரியவா போவுது, தனக்குப் பின்னால இருக்குறது கடலா கருவாடான்னு?"

கதவுகள் வந்தன. நல்ல தேக்கு. சட்டத்துக்குள் சிறு பலகைகள் சாய்வாக அடுக்கியிருந்தன. காற்று உள்ளே போகும், மழைக்காலத்தில் மாவு பூசணம் பிடிக்காது என்று பதுருன்னிசாவுக்கு அதைப் பிடித்துப்போயிற்று.

மாட்ட வந்த தச்சர் கிறிஸ்துதாஸ், பாதி வாழ்க்கையை வெள்ளைக்காரர் வீட்டுச் சன்னல்களிலேயே கழித்தவர். வெளி ஆண்கள் முன்னால் அவள் வருவதில்லை. படுதாவுக்குப் பின்னால் நின்றபடியே பதில் சொன்னாள்.

"தாழ்ப்பாள் எந்தப் பக்கம் வரணும்மா?"

"நான் நிக்குற பக்கந்தான். உள்ள போயா தொறக்க முடியும்?"

அவர் சிரித்துக்கொண்டே, மேல் சட்டத்தில் செதுக்கியிருந்த பூ கெடாமல் அலமாரி உயரத்துக்கு அடியை மட்டும் அறுத்து, கதவுகளை மாட்டிவிட்டுக் கருவடிக்குப்பத்தில் ஒரு வீட்டு வேலைக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை ஈரச் சவுக்கு விறகு புகைந்தது. கூரை ஓட்டில் படிந்த கரி மழைக்காற்றில் உதிர்ந்தது. மத்தியானம் அலமாரியைத் திறந்தாள். புதிதாக வாங்கி வைத்த மாவின் மேல் எள்ளைத் தூவியதுபோல் கரி.

ஒரு பிடி சாம்பலை எடுத்துக் கதவின் மேல் தூவிப் பார்த்தாள். சாம்பல் பலகைகளின் மேல் வழுக்கிக்கொண்டு நேராக அலமாரிக்குள் இறங்கியது. அப்போதுதான் புரிந்தது. சன்னலில் மனுஷர் உள்ளே, மழை வெளியே. தாழ்ப்பாள் மனுஷர் பக்கம், சாய்வு மழைப் பக்கம். இங்கே மனுஷரும் கரியும் ஒரே பக்கம்; சாய்வோ அலமாரிப் பக்கம்.

அஞ்சலாட்சி கருவடிக்குப்பத்துக்கு நடந்து போய்த் திரும்பி வந்தாள். "கூரை ஏத்துறாங்களாம், பாதியில வர முடியாதாம். ஞாயித்துக்கிழமை பூசைக்கு வரும்போது பாக்குறாராம்."

"வியாழக்கிழமை பிறை. நீ எனக்குத் திருகாணி கழட்ட ஒரு திருப்புளி மட்டும் கொண்டா."

மறுநாள் காலையில் அஞ்சலாட்சி முந்தானையில் சுற்றிக் கொண்டுவந்தாள். "முசேவோட சைக்கிள் பையில இருந்ததுக்கா. நாலு மணிக்குள்ள திரும்பப் போயிடணும். இல்லன்னா நாளைக்கு நான் ஒன் வூட்டுலதான் சமைக்கணும்."

பன்னிரண்டு திருகாணிகள். முதல் மூன்றிலேயே உள்ளங்கை கொப்பளித்தது. பதுருன்னிசா கையில் துணியைச் சுற்றிக்கொண்டாள். இரண்டு கதவுகளையும் கழற்றி, முன்பின்னாகத் திருப்பி வைத்துப் பார்த்தாள். சாய்வு சரியாக வந்தது. தாழ்ப்பாள் அலமாரிக்குள் போய்விட்டது.

"விடுக்கா, ஒரு பழஞ்சீலைய அடிச்சுத் தொங்க விடலாம்."

"சீலைய எலி மதிக்குமா?"

கனம் தாங்காமல் ஒரு கதவைச் சுவரில் சாய்த்தாள். அவசரத்தில் அது தலைகீழாக நின்றது. பலகைகளில் ஒட்டியிருந்த சாம்பல் அவள் காலடியில் கொட்டியது. தாழ்ப்பாள் அவளைப் பார்த்தபடியே இருந்தது.

"புடி அஞ்சலாட்சி. இடது கதவு வலதுக்கு, வலது கதவு இடதுக்கு. ரெண்டும் தலைகீழா."

கிறிஸ்துதாஸ் மேலும் கீழும் ஒரே அளவு விட்டுக் கீல் வைத்திருந்தார். பழைய துளைகளிலேயே திருகாணிகள் இறங்கின. மூன்றரை மணிக்குத் திருப்புளி முந்தானைக்குள் போயிற்று.

வியாழக்கிழமை மத்தியானம் அன்வருதீன் வந்தார். அதற்குள் இரண்டு நாள் சமையல் நடந்திருந்தது. பூ வேலைப்பாடு தரைப்பக்கம் கிடப்பதைப் பார்த்து அவர் தாடியைத் தடவினார்.

"சன்னலத் தலைகீழா தொங்க விட்டிருக்க. பாக்குறவங்க சிரிக்க மாட்டாங்க?"

"சிரிக்கட்டும் மச்சான். தொறந்து பாருங்க."

அவர் திறந்தார். மாவுச் சட்டியின் விளிம்பில் விரலை வைத்து இழுத்தார். விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். தட்டுகளுக்கு இடையிலும் விரலை விட்டுத் தேடினார். பிறகு கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைத் தானே தள்ளினார்.

"நாளைக்குக் கஞ்சி இங்கதானா?"

"இங்கதான்."

அவர் படி இறங்கி, செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "அப்ப எங்க வூட்டுக்கும் ஒரு சட்டி அனுப்பு."

பதுருன்னிசா புதிதாக வாங்கிய நொய்யரிசியை முறத்தில் கொட்டிப் புடைக்க உட்கார்ந்தாள். எத்தனை படி போட வேண்டும் என்று இந்த முறை அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.