ரோஜா கூப்பிடும் பெயர்கள்

"மோகன்வேன் ரூட்டு! ஏய், மோகன்வேன் ரூட்டு!"

கம்ப்யூட்டர் நிரலில் புதிதாக ஒரு பெயர் வைத்தால் ரோஜா அதை இப்படி வாய்விட்டுக் கூப்பிட்டுப் பார்ப்பாள். அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டிருக்கும் நாத்தனார் ஏஞ்சல் எட்டிப் பார்ப்பாள். "யார அண்ணி கூப்ட்டுக்கினு கீற?"

"யாரும் திரும்பலல்ல? அப்போ பேரு நல்லா கீது."

கவரைப்பேட்டை வீட்டில் இஸ்திரி மேசைதான் அவளுக்கு ஆபீஸ். கல்யாண மண்டபம், ஜவுளிக்கடை, வேன் சர்வீஸ் என்று சுற்றுவட்டாரத்து வெப்சைட்டுகளுக்கு பிளக்இன் எழுதுகிறாள். சைட்டோடு ஒட்டிக்கொண்டு ஒரு வேலையை மட்டும் பார்க்கும் சின்ன நிரல் அது. எல்லாம் பிஎச்பி என்ற கம்ப்யூட்டர் மொழியில். வரிக்கு வரி தட்டித் தட்டி செமிகோலன் கட்டையில் எழுத்தே தேய்ந்துவிட்டது. பிழை வந்தால் திரையைப் பார்த்து, "பேஜாரு பண்ணாத" என்று அதட்டுவாள். மனிதர்களை அதட்டிப் பார்த்ததில்லை.

கூப்பிடும் பழக்கம் போன ஆடியில் வந்தது. வேன் விடும் மோகன்ராஜுக்கு அவள் ஒரு பிளக்இன் செய்து தந்திருந்தாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் போனில் தங்கள் கம்பெனி பெயரைத் தொட்டால், இன்றைக்கு எந்த வேன் என்று காட்டும். ஏஞ்சலும் அந்த வேன்களில் போகிறவள்தான். ஒருநாள் காலை போனில் அந்த வெப்சைட் பக்கம் வெறும் வெள்ளையாக நின்றது. ஏஞ்சல் வேலைக்குத் தாமதமாகப் போனாள்.

"நா ஒண்ணியும் பண்ணலம்மா. மேப்பு காட்டுற பிளக்இன்னு ஒண்ணு புச்சா போட்டேன், அவ்ளோதான்" என்றார் மோகன்ராஜ். ரோஜாவின் நிரலில் 'கெட் ரூட்' என்று ஒரு ஃபங்ஷன், அதாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வேலையைச் செய்யும் துண்டு, இருந்தது. புதியதிலும் அதே பெயர். ஒரே பெயரில் இரண்டைப் பார்த்ததும் பிஎச்பி அங்கேயே படுத்துவிட்டது.

பழியை அவர்மேல் போட்டிருக்கலாம். ரோஜா போடவில்லை. "நம்ம தெருல செல்வின்னு கூப்ட்டா எத்தினி பேரு திரும்பறாங்க? டெய்லர் ஊட்டு செல்வின்னு சொல்லணும்ல. நாந்தாண்ணே சொல்லாம வுட்டேன்" என்றாள். 'மோகன்வேன் ரூட்டு' என்று கூப்பிட்டுப் பார்த்துப் பெயர் வைத்த ஒரு கிளாஸுக்குள், அதாவது தனிப் பெட்டிக்குள், நிரல் முழுவதையும் அடைத்தாள். அவசரத்தில், உள்ளே இருந்த அத்தனையையும் ஸ்டாட்டிக் ஆக்கினாள். ஸ்டாட்டிக் என்றால் கிளாஸ் பெயரைச் சொல்லி நேராகக் கூப்பிடலாம், வேலை சுருக்கு. பக்கம் உயிர்பெற்றது.

மறுநாள்தான் வினை. ஸ்டாட்டிக்காக வைத்த விவரம் கிளாஸ் முழுமைக்கும் ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு வேன் எண்ணும் அதில் ஏற ஏற, முந்தியது அழிந்து கடைசி எண் மட்டும் தங்கியது. எல்லார் போனிலும் அதே வேன். நெடுஞ்சாலையோரம் நின்ற பெண்களெல்லாம் அந்த ஒன்றுக்கே ஓடினார்கள். மற்ற வேன்கள் காலியாகப் போயின. ஏறியவர்களில் பலர் வேறு கம்பெனி வாசலில் இறங்கினார்கள். அவர்களில் ஏஞ்சலும் ஒருத்தி. தன் கம்பெனிக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் கேட் சாத்தியாயிற்று.

"உன் கம்ப்யூட்டரு எங்க எல்லாரையும் ஒரே ஆளுன்னு நெனச்சிக்கினு கீது அண்ணி" என்றாள், செருப்பைக்கூடக் கழற்றாமல். "நாளைக்கும் லேட்டுன்னா வரவே வாணான்னுட்டான் சூப்பர்வைசரு."

ரோஜாவுக்கு முகம் சுண்டிப்போனது. நேராக மேசைக்குப் போனாள். வேன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆப்ஜெக்ட் செய்து, அதனதன் எண்ணையும் டிரைவரையும் கம்பெனியையும் அதனதனுக்குள்ளேயே வைத்தாள். வேன் வரும் நேரத்தை ஒழுங்காக எழுதிக் காட்டுவது போன்ற, எல்லா வேனுக்கும் பொதுவான வேலைகளை மட்டும் ஸ்டாட்டிக்காக விட்டாள். மாலைக்குள் முடிந்தது. ஏஞ்சலின் போனில் ஒவ்வொரு கம்பெனியாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் சரியாகவே காட்டியது.

ஆனாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. அடுத்த நாள் விடிந்ததும் ஏஞ்சலோடு தானும் நெடுஞ்சாலைக்குப் போனாள். போன் சொன்ன வேன் வந்தது. கூட்டம் கதவுக்கு முண்டியடித்தது. ரோஜா மறுபக்கம் சுற்றி ஓடி, தன் துப்பட்டாவை உருவிச் சுருட்டி ஜன்னல் வழியாக ஒரு சீட்டில் எறிந்தாள். "யாரும் குந்தாதீங்க, எங்க ஏஞ்சலு வருது!" என்று கத்தினாள்.